பொறிகளுக்கும் ஒரு பொதுமொழி



நம் வீட்டுக் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறோம். நம்முடைய கைப்பேசியை ஒரு நிறுவனம் செய்தது. மாமாவுடையதை வேறொரு நிறுவனம் செய்தது. ஆயினும் படம் சில நொடிகளில் அங்கே அப்படியே தோன்றுகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றுகூட நாம் எண்ணுகிறோம்.

ஆனால் ஒரு காலத்தில், ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்த இரண்டு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று ஒரு சொல்லும் பேச இயலாமல் நின்றன. அந்தத் தடை எவ்வாறு நீங்கியது, அதை நீக்கியவர்கள் எவ்வழியைத் தேர்ந்தனர் என்பதை அறிந்தால், இன்று நம் கையில் இருக்கும் வசதியின் அருமை விளங்கும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

ஆராய்ச்சிக்கூடத்தின் கதை

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்னும் மாபெரும் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1954 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள், 12 நாடுகள் கூடி இதனை அமைத்தன. போரில் எதிர் எதிர் அணிகளில் நின்ற நாடுகளும் அவற்றுள் இருந்தன என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகள்களைப் பற்றி ஆராய்வதே இங்குள்ள விஞ்ஞானிகளின் பணி. துகள்களை மிகுந்த வேகத்தில் ஓடவிட்டு மோதச் செய்வார்கள். மோதலில் சிதறுவனவற்றைக் கருவிகளால் பதிவு செய்வார்கள். இதற்கென 1980களில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டது. அதில் அமைந்த 'லெப்' என்னும் இயந்திரம் 1989 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2000 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது.

ஒரு மோதலில் பதிவாகும் எண்களே ஏராளம். அத்தகைய மோதல்கள் இலட்சக்கணக்கில் நிகழும்போது அவற்றை மனிதர் கையால் கணக்கிட இயலுமா? இயலாது. ஆகவே இக்கூடத்துக்குக் கணிப்பொறிகள் இன்றியமையாதவை ஆயின. 1958 ஆம் ஆண்டில் முதற் கணிப்பொறி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் புதியன வந்துகொண்டே இருந்தன. தொல்லையும் அங்கேதான் தொடங்கிற்று.

ஏன் பலவகைக் கணிப்பொறிகள்?

'எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் மரம் வெட்டும் கத்தியால் தையல் வேலை செய்ய முடியாது. பெருங்கணக்குகளைப் போடுவதற்குச் சி.டி.சி., ஐ.பி.எம். போன்ற நிறுவனங்களின் பெரிய கணிப்பொறிகள் தேவைப்பட்டன. துகள்களை ஓட்டும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்த நோர்வே நாட்டின் சிறிய கணிப்பொறிகள் பொருத்தமாக இருந்தன. ஆய்வுக் குழுவினர் பலர் 'வாக்ஸ்' என்னும் நடுத்தரக் கணிப்பொறிகளை விரும்பினர். அன்றியும், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள் தங்கள் ஊரில் பழகிய கணிப்பொறிகளையே இங்கும் நாடினர். இவ்வாறு ஒரே வளாகத்தில் பல்வேறு இனப் பொறிகள் வந்து குடியேறின.

பேச முடியாமைக்குக் காரணங்கள்

கணிப்பொறிகள் எல்லாம் எண்களால் இயங்குபவைதானே, பின் ஏன் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ளவில்லை? மூன்று காரணங்களை மட்டும் இங்கே காண்போம். சற்றுப் பொறுமையுடன் படித்தால் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கும் இவை விளங்கும்.

முதலாவது, எழுத்துகளைக் குறிக்கும் முறை. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்தாகிய 'ஏ'யை வாக்ஸ் கணிப்பொறி 65 என்று எழுதும்; ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியோ 193 என்று எழுதும். இரு சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தை ஐ.பி.எம். 64 என்று குறிக்கும். அதே 64 வாக்ஸுக்கு மின்னஞ்சல் முகவரிகளின் நடுவே நாம் காணும் சுழித்த குறியாகும். ஒரு கடிதத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பினால், சொற்கள் எல்லாம் சிதைந்து, வெற்றிடம்தோறும் அந்தக் குறி வந்து நிற்கும்.

இரண்டாவது, எண்களை அடுக்கும் வரிசை. நாம் 25 ஐ 'இருபத்தைந்து' என்கிறோம். பெரிய மதிப்பை முன்னே சொல்கிறோம். ஜெர்மானியர் 'ஐந்தும் இருபதும்' என்று சிறிய மதிப்பை முன்னே சொல்வர். கணிப்பொறிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. கணிப்பொறியின் நினைவகத்தில் ஓர் அறைக்குள் 0 முதல் 255 வரையுள்ள எண் ஒன்றுதான் அடங்கும். 258 என்னும் எண்ணை வைக்க இரண்டு அறைகள் வேண்டும்: ஒன்றில் 1, மற்றொன்றில் 2. அதாவது ஒரு 256, அதனுடன் 2. ஐ.பி.எம். கணிப்பொறி பெரிய மதிப்பை முன்னே வைத்து 1, 2 என அடுக்கும். வாக்ஸ் சிறிய மதிப்பை முன்னே வைத்து 2, 1 என அடுக்கும். ஐ.பி.எம். அடுக்கிய 1, 2 ஐ வாக்ஸ் தன் முறைப்படி படித்தால் என்ன கிடைக்கும்? இரண்டு 256, அதனுடன் 1. ஆக, 513! அனுப்பியது 258, பெற்றது 513. பிழை செய்தது எது? இரண்டுமே பிழை செய்யவில்லை. அவரவர் வழக்கப்படி சரியாகவே நடந்தன. ஆனால் விடை தவறாயிற்று.

கலிவர் என்பவர் சித்திரக்குள்ளர் நாட்டுக்குச் சென்ற கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஜோனதன் சுவிப்ட் 1726 ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று இரு சாரார் சண்டையிடுவர். 1980 ஆம் ஆண்டில் டேனி கோஹன் என்னும் அறிஞர், கணிப்பொறிகளின் இந்த வரிசைச் சண்டைக்கு அக்கதையிலிருந்தே 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' எனப் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். எந்த முனை என்பது பெரிதன்று, எல்லாரும் ஒன்றை ஒப்புக்கொள்வதே வேண்டுவது என்பது அவர் சொன்ன அறிவுரை.

மூன்றாவது, கூடையின் அளவு. சி.டி.சி. கணிப்பொறி ஒரு தடவைக்கு 60 இருமக் குறிகளை அள்ளும். வாக்ஸ் 32 அள்ளும். நோர்வே நாட்டுச் சிறிய பொறிகள் 16 அள்ளும். பெரிய கூடையில் வந்ததைச் சிறிய கூடைகளில் பிரித்துக் கொட்டும்போது ஒன்றும் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மிதிவண்டியும் மொழிபெயர்ப்பும்

1960களில் இக்கூடத்தினர் கையாண்ட வழி மிக எளியது. ஆய்வு நடக்கும் இடத்தில் எண்களைக் காந்த நாடாவில் பதிவு செய்து, அந்நாடாவை மிதிவண்டியில் எடுத்துக்கொண்டு கணிப்பொறி நிலையத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். இதனை 'மிதிவண்டி இணைப்பு' என்று வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு. ஆய்வுகள் பெருகியபோது மிதிவண்டி போதவில்லை.

1970களில் செர்ன் பொறியாளர்கள் தங்களுக்கென்றே 'செர்னெட்' என்னும் வலையமைப்பை உருவாக்கினர். அது நன்றாகவே உழைத்தது. ஆனால் அதன் விதிகள் அக்கூடத்துக்கே உரியவை. புதிய வகைக் கணிப்பொறி ஒன்று வந்தால், அதற்கு அவ்விதிகளைக் கற்பிக்கும் வேலையை அவர்களே செய்ய வேண்டும். மறுபுறம், ஒவ்வொரு நிறுவனமும் தன் கணிப்பொறிகளுக்கு மட்டும் ஒரு வலையமைப்பை விற்றது. ஐ.பி.எம்.முக்கு ஒன்று; வாக்ஸ் செய்த டிஜிட்டல் நிறுவனத்துக்கு மற்றொன்று. தம் பொறிகள் தம் பொறிகளுடன் மட்டும் நன்கு பேசினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார் அல்லவா?

இரு மொழியினருக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைப்பதுபோல், இருவகைப் பொறிகளுக்கு நடுவே மாற்றித் தரும் பொறி ஒன்றை வைக்கலாம். இவ்வழியில் உள்ள இடர்ப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 வகைப் பொறிகள் இருந்தால் 6 சோடிகள். 6 மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 10 வகைகள் இருந்தால் 10 ஐ 9 ஆல் பெருக்கி 2 ஆல் வகுக்க, 45 மொழிபெயர்ப்பாளர் வேண்டும்! பதினோராவது வகை வந்தால் மேலும் 10 பேர். இதற்கு முடிவே இல்லை.

பொதுமொழி பிறந்தது

நம் தாத்தா பாட்டியர் காலத்து ரப்பர்த் தோட்டங்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். லயத்தில் தமிழும் தெலுங்கும் மலையாளமும் ஒலித்தன. பக்கத்துக் கம்பத்தில் மலாய், கடைத்தெருவில் சீனம். பாட்டி சீனர் கடையில் கருவாடு வாங்கச் சீனம் கற்கவில்லை. கடைக்காரரும் தமிழ் கற்கவில்லை. இருவரும் சந்தை மலாய் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டனர். வீட்டுக்குத் திரும்பியதும் பாட்டி தமிழிலேயே பேசினார். பொதுமொழி வந்ததால் எவருடைய தாய்மொழியும் அழியவில்லை.

கணிப்பொறிகளுக்கும் அத்தகைய பொதுமொழி ஒன்றே தேவைப்பட்டது. அமெரிக்காவில் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் இதற்கான அடிப்படைக் கருத்தை 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த விதித் தொகுதிக்கு 'டி.சி.பி./ஐ.பி.' என்று பெயர். 1983 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், 'அர்ப்பாநெட்' என்னும் அமெரிக்க வலையமைப்பு முழுவதும் இவ்விதிகளுக்கு மாறியது.

இதன் சிறப்பு யாது? கணிப்பொறி உள்ளே எவ்வாறு நினைக்கிறது என்று இது கேட்பதில்லை. வெளியே வந்து பேசும்போது மட்டும் எல்லாரும் ஒரே முறையில் பேச வேண்டும் என்கிறது. சான்றாக, இவ்விதிகளின்படி முகவரி முதலிய எண்களை அனுப்பும்போது பெரிய மதிப்பே முன்னே செல்ல வேண்டும். வாக்ஸ் தன் வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். வாசற்படி தாண்டும்போது மாற்றிக்கொண்டால் போதும். இனி 45 மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. 10 வகைப் பொறிகளும் ஒரே ஒரு பொதுமொழியைக் கற்றால் போதும்.

செர்னில் இது எளிதில் நுழைந்துவிடவில்லை. ஐரோப்பிய அரசுகள், அனைத்துலகக் குழுக்கள் கூடி வகுத்துக்கொண்டிருந்த வேறொரு விதித் தொகுதிக்கே ஆதரவு தந்தன. அது நாட்டுக்கு நாடு பேசி ஒப்புக்கொள்ளப்பட்ட முறையாக அமையும் என்று அவை நம்பின. அந்த நம்பிக்கையிலும் நியாயம் இருந்தது. ஆனால் குழுக்கள் பேசி முடிக்க ஆண்டுகள் பல சென்றன. விஞ்ஞானிகளின் வேலையோ காத்திருக்கவில்லை. 1985 ஆம் ஆண்டில் பென் சீகல் என்பவர், டி.சி.பி./ஐ.பி. முறையைக் கூடத்துக்குள் மட்டும் நிறுவும் பொறுப்பை ஏற்றார். சிறிது சிறிதாக ஒவ்வொரு வகைப் பொறியும் அதனைக் கற்றுக்கொண்டது. 1989 ஆம் ஆண்டு சனவரியில் வெளியுலகத்துடனும் அவ்விணைப்பு திறந்துவிடப்பட்டது.

வீட்டில் ஒரு விளையாட்டு

இம்முறை எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் கடிதம் எழுதுங்கள். அதனை 6 துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் அனுப்புநர், பெறுநர் பெயர்களையும் 1 முதல் 6 வரை வரிசை எண்ணையும் எழுதுங்கள். தம்பி தங்கைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வெவ்வேறு வழிகளில் ஓடிச்சென்று அக்காவிடம் சேர்க்கச் சொல்லுங்கள். துண்டுகள் முன்பின்னாக வந்து சேரும். அக்கா எண்களைப் பார்த்து அடுக்கிவிடுவார். நான்காவது துண்டு வழியில் தொலைந்தால், 'நான்கு வரவில்லை' என்று அக்கா சொல்லி அனுப்ப வேண்டும்; நீங்கள் அதை மீண்டும் எழுதி அனுப்ப வேண்டும்.

முகவரி எழுதித் துண்டு துண்டாக அனுப்புவது 'ஐ.பி.'யின் வேலை. எண்ணிட்டு அடுக்குவதும், தொலைந்ததை மீண்டும் பெறுவதும் 'டி.சி.பி.'யின் வேலை. துண்டைச் சுமந்து ஓடும் தம்பிக்குக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை; முகவரி தெரிந்தால் போதும். இதனாலேதான் கடிதமும் படமும் பாட்டும் ஒரே வழியில் பயணம் செய்கின்றன.

தொலைபேசிப் புத்தகம் திறந்த வாசல்

நிற்க. பொறிகள் பேசத் தொடங்கின. ஆனால் மனிதருக்கு வேண்டிய செய்தி இன்னும் சிதறியே கிடந்தது. ஓர் ஆய்வுக் குறிப்பு ஒரு கணிப்பொறியில். அதன் விளக்கம் வேறொன்றில். ஒவ்வொன்றையும் திறக்க ஒவ்வொரு கட்டளை. அன்றியும் அங்கு வரும் விஞ்ஞானிகளுள் பலர் ஓரிரண்டு ஆண்டுகளே தங்கித் தம் நாடு திரும்புவர். அவர்கள் அறிந்தவை அவர்களோடே போய்விடும். பின்னால் வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். உழைப்பு வீணாகும் இந்த நிலையே பெரிய கவலையாக இருந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் பொறியாளர் 1989 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டத்தை எழுதித் தம் மேலாளர் மைக் செண்டாலிடம் கொடுத்தார். எந்தக் கணிப்பொறியில் இருந்தாலும், ஒரு குறிப்பிலிருந்து மற்றொரு குறிப்புக்கு நூல் கட்டியதுபோல் தாவிச் செல்ல வழி செய்யலாம் என்பதே அதன் சாரம். மேலாளர் அதன் மேல், தெளிவாக இல்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது என்னும் பொருள்பட எழுதி வைத்தார். தெளிவில்லை என்று தள்ளிவிடாமல், முயன்று பார்க்க இடம் கொடுத்தார். பெல்ஜிய நாட்டவரான ராபர்ட் காயோ துணை நின்றார். 1990 ஆம் ஆண்டு இறுதிக்குள் 'உலகளாவிய வலை' அங்கே இயங்கத் தொடங்கியது. முதல் வழங்கியாக இருந்தது 'நெக்ஸ்ட்' என்னும் ஒரு கரிய நிறக் கணிப்பொறி. யாரேனும் தெரியாமல் அணைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, 'இதை அணைக்காதீர்' என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்தனர்!

இங்கும் பழைய தொல்லை தலைகாட்டிற்று. அந்த வலையைப் பார்க்கும் முதற் செயலி நெக்ஸ்ட் கணிப்பொறியில் மட்டுமே ஓடும். அதை வைத்திருந்தவரோ மிகச் சிலர். அப்போது பயிற்சிக்கு வந்திருந்த கணிதக் கல்லூரி மாணவி நிக்கோலா பெல்லோ, படங்களும் அலங்காரமும் இன்றி எழுத்துகளை மட்டும் வரி வரியாகக் காட்டும் எளிய செயலி ஒன்றை எழுதினார். எளியது என்பதாலேயே அது எல்லாவகைக் கணிப்பொறிகளிலும் ஓடியது. மாணவி ஒருவரின் பணியால் எல்லார்க்கும் வாசல் திறந்தது.

அவ்வாசல் வழியே பெரும்பாலோர் முதலில் தேடியது என்ன தெரியுமா? அணுவின் இரகசியம் அன்று. அலுவலகத் தொலைபேசி எண்களே! தொலைபேசிப் பட்டியல் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியில் இருந்தது. ஓர் எண்ணைப் பார்ப்பதற்காகவே பலர் அக்கணிப்பொறிக்குள் தனியே நுழைய வேண்டியிருந்தது. இப்போது தத்தம் மேசையிலிருந்த எந்தப் பொறியிலிருந்தும் பார்க்க முடிந்தது. அன்றாடத் தேவை ஒன்றைத் தீர்த்ததால் வலை மக்களிடம் நிலைபெற்றது.

எல்லார்க்கும் பொதுவாயிற்று

1993 ஆம் ஆண்டு தொடக்கத்தில், இதுபோன்ற வேறொரு முறையை உருவாக்கியிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சில வகைப் பயனாளரிடம் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. மக்கள் தயங்கி விலகினர். செர்ன் என்ன செய்யப் போகிறது என்று பலரும் காத்திருந்தனர். 1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள், உலகளாவிய வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுத்து மூலம் அறிவித்தது. அந்த ஓர் ஏட்டுத் தாள் இன்றேல், இன்று நம் பிள்ளைகள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் யாருக்கோ காசு கட்டவேண்டி வந்திருக்கலாம்.

இக்கதை நம் தமிழையும் தொட்டது. 1990களில் தமிழைக் கணிப்பொறியில் எழுதியோர், ஒவ்வோர் எழுத்துருவிலும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தனர். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவருக்குப் பொருளற்ற கிறுக்கலாகத் தெரிந்தது. செர்ன் கூடத்தைப் பிடித்த அதே நோய்தான். 1997 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது, பொதுவான குறிமுறை பற்றி அறிஞர்கள் ஆராய்ந்தனர். இன்று 'யூனிகோடு' என்னும் உலகப் பொதுமுறையில் 'அ' என்னும் எழுத்துக்கு எங்கும் ஒரே எண், அது 2949. ஆகவே இங்கே எழுதும் 'அம்மா' எந்த நாட்டிலும் 'அம்மா' என்றே தோன்றுகிறது.

மாணவச் செல்வங்களே! செர்ன் கூடத்தினர் எல்லாப் பொறிகளையும் ஒரே பொறியாக மாற்ற முயலவில்லை. ஒவ்வொன்றும் தன் இயல்பிலேயே இருக்கட்டும். ஆனால் வாசலில் நின்று பேசும்போது எல்லாரும் அறிந்த முறையில் பேசட்டும் என்றனர். வேற்றுமையை அழித்தால்தான் ஒற்றுமை வரும் என்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வீட்டில் தாய்மொழியைப் போற்றுவோம். நாட்டு மொழியையும் உலக மொழியையும் நன்கு கற்போம். கற்றதைப் பின்வருவோருக்குப் புரியும்படி எழுதி வைப்போம். ஊர் கூடினால் தேர் நகரும். பொறிகள் கூடியதால் உலகமே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.